கொலோனாஸ்கோபிக்குத் தேதி வாங்கியாச்சு, அதுவரை இந்த வயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 34. மூன்று மாதமாக வயிறு சரியில்லை. சில நாள் காலையில் மூன்று நான்கு முறை ஓட வேண்டியிருக்கிறது, அப்புறம் இரண்டு நாள் சுத்தமாக வருவதில்லை. இரண்டு முறை ரத்தம் பார்த்தேன். டாக்டர் ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, கொலோனாஸ்கோபி எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கொலோனாஸ்கோபிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கேன்சராக இருக்குமோ என்று ராத்திரி தூக்கமே வருவதில்லை. தேதி வாங்கியதிலிருந்து அறிகுறியும் கூடிக்கொண்டே போகிறது. அதுவரை எப்படித் தாக்குப்பிடிப்பது?

பதில்: உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் டாக்டர் இல்லை, எண்டோஸ்கோப்பி பிரிவில், அதாவது கொலோனாஸ்கோபி மாதிரிக் குழாய்க் கேமரா விட்டு உள்ளே பார்க்கிற பிரிவில், பல வருடமாக நர்ஸாக வேலை பார்ப்பவள். பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் விவரம் எழுதும்போது அடிக்கடி காதில் விழுவது இதுதான்: "டாக்டரைப் பார்த்தப்போ இவ்வளவு இல்லை சிஸ்டர், டெஸ்ட் எழுதினதுக்கு அப்புறம்தான் ஜாஸ்தி ஆயிடுச்சு." அப்படிச் சொன்ன பலருக்கு உள்ளே கேமரா போனால் குடல் சுத்தமாக இருக்கும். அதனால், காத்திருக்கும் நாட்களில் வயிறு போடும் ஆட்டத்தை நோய்க்குச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டிய குறிகள் சில உண்டு, அவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஏன் கூடுகிறது என்றால், குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் கொண்ட ஒரு வலை இருக்கிறது. மூளையோடு அது எப்போதும் பேச்சுவார்த்தையில்தான் இருக்கும். பயம் வந்தால் மூளை விடுகிற ரசாயனங்கள் இரைப்பையை மந்தமாக்கும், பெருங்குடலை விரட்டும். மேலே பசிக்காது, நாலு வாய்க்கு மேல் இறங்காது, கீழே கலக்கிக்கொண்டு வரும். பரீட்சை அன்று காலையில் நம் எல்லோருக்கும் நடந்ததுதான். உங்களுக்குப் பரீட்சை மூன்று வாரம் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, கவனம். குடலில் வாயு நகர்வதும் சுருங்கி விரிவதும் நாள் முழுக்க நடக்கிற வேலை. சாதாரணமாக அது நம் காதுக்கே வராது. பயந்துபோய் வயிற்றின் மேலேயே நினைப்பாக இருந்தால் ஒவ்வொரு குறுகுறுப்பும் செய்தியாகிவிடும். சிலர் படுத்துக்கொண்டு வயிற்றை அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். ஒல்லியாக இருப்பவர்களுக்கு இடதுபக்க அடிவயிற்றில் கயிறு மாதிரி ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அது பெருங்குடலின் கடைசிப் பகுதி, மலம் நிறைந்திருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். "கட்டி இருக்கு சிஸ்டர்" என்று கையைப் பிடித்து வைத்துக் காட்டியவர்கள் உண்டு. தினமும் பத்து முறை அழுத்தினால் நல்ல வயிறும் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியையும் ஒரு அறிகுறியாகக் குறித்துக்கொண்டு வருவார்கள்.

எடையிலும் இதே கதைதான். பயத்தில் சாப்பாடு குறையும். ஏதாவது சாப்பிட்டால் போக வேண்டிவருமே என்று ஆபீஸ் நாட்களில் காலை டிபனையே விட்டுவிடுவார்கள். மூன்று வாரத்தில் இரண்டு கிலோ குறையும், உடனே "எடை குறைகிறது, கூகுளில் போட்டிருக்கிறதே" என்று பயம் இரட்டிப்பாகும். டாக்டர்கள் கவலைப்படுவது, வழக்கம்போல் சாப்பிட்டும் தானாகக் குறைகிற எடையைப் பற்றி. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் காரணமில்லாமல் போனால் அது கணக்கில் வரும். 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரைக் கிலோ. தினமும் மிஷினில் ஏறி இறங்காதீர்கள். ஒரே நாளில் காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு கிலோ ஆடுவது சகஜம். வாரத்துக்கு ஒரு தடவை, அதே மிஷினில், காலையில், போதும்.

இனி ரத்தம். உங்களை ஆட்டிவைப்பது அதுதான் என்று நினைக்கிறேன். எப்படி வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. டாக்டர் கேட்டிருப்பார், கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். ஏனென்றால் நிறமும் இடமும் நிறையச் சொல்லும். போய் முடித்தபிறகு பளிச்சென்ற சிவப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தால், வலியும் இல்லையென்றால், பெரும்பாலும் உள்மூலம். போகும்போது மிளகாய் அரைத்துத் தடவியதுபோல் எரிந்து, போய் வந்தபிறகும் அரைமணி நேரம் உட்கார முடியாமல் கடுத்து, மலத்தின் ஒரு ஓரத்தில் கோடுபோல் ரத்தம் இருந்தால் அது ஆசனவாய் வெடிப்பு. மலச்சிக்கலில் முக்கினால் வருவது. மலத்தோடு கலந்து அடர்சிவப்பாக, சளியோடு வந்தால் உள்ளே குடலில் புண்ணோ அழற்சியோ இருக்கலாம். தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, ஒரு தனி நாற்றத்தோடு போனால் ரத்தம் மேலே, இரைப்பை பக்கம் கசிகிறது என்று பொருள், அதற்குக் காத்திருக்கக் கூடாது. ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிவந்து போகும். இந்த இரண்டினால் ராத்திரியோடு ராத்திரியாக அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெஸ்டர்ன் டாய்லெட் தண்ணீரில் நாலு சொட்டு விழுந்தாலும் முழுவதும் சிவப்பாகத்தான் தெரியும், அதை வைத்து "ஒரு டம்ளர் ரத்தம்" என்று அளக்காதீர்கள்.

மூலமாகத்தான் இருக்கும் என்று தோன்றினாலும் கொலோனாஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். மூலமும் இருந்து உள்ளே வேறொன்றும் இருக்கலாம், அதைப் பார்க்கத்தான் இந்தப் பரிசோதனை.

கேன்சர் என்ற வார்த்தைக்கு வருவோம். 34 வயதில் வரவே வராது என்று யாராவது ஆறுதல் சொன்னால் அது உண்மையில்லை. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் 43 வயதில் குடல் புற்றுநோயில்தான் இறந்தார். இளம் வயதினருக்கு வருவது கூடியதால், அறிகுறியே இல்லாதவர்களுக்கும் பரிசோதனை தொடங்கும் வயதை 2021இல் அமெரிக்காவில் 50இலிருந்து 45ஆகக் குறைத்தார்கள். இருந்தாலும், உங்கள் வயதில் நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு நாள் பேதி, இரண்டு நாள் சிக்கல் என்று மாறி மாறி வருவதற்குக் கேன்சர் பட்டியலில் மிகக் கீழே இருக்கிற காரணம். இந்தியாவில் இந்த நோய் மேலை நாடுகளைவிடக் குறைவாகவே வருகிறது. இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான குடல் புற்றுநோய்கள் பாலிப் என்ற சிறு முளையாகத் தொடங்கி, புற்றாக மாற ஏறக்குறைய பத்து வருடம் எடுத்துக்கொள்பவை. அந்த வேகத்தில் மூன்று வாரக் காத்திருப்பு எதையும் கெடுத்துவிடாது. டாக்டருக்கு அவசரம் என்று தோன்றியிருந்தால் மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுக்க விட்டிருக்க மாட்டார்.

அப்படியானால் வேறு என்னவாக இருக்கும்? முதலில் ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். குடலில் கண்ணுக்குத் தெரியும் கோளாறு எதுவும் இல்லாமல், அதன் ஓட்டமும் உணர்வும் தாறுமாறாவது. மூன்று மாதமாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, அது மோஷன் போவதோடு சம்பந்தப்பட்டிருப்பது, போகும் தடவையும் பதமும் மாறுவது, தொல்லை ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருப்பது என்று இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அமீபா, ஜியார்டியா கிருமிகளையும் மறக்கக் கூடாது. குடல் காசநோயும் உண்டு. சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை இறங்குவது, வலதுபக்க அடிவயிற்றில் வலி எல்லாம் சேர்ந்தால் டாக்டர்கள் அந்தப் பக்கம் யோசிப்பார்கள். குடல் அழற்சி நோய்கள் இரண்டும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் கிரோன்ஸும், உங்கள் வயதுக்காரர்களுக்கே அதிகம் வருபவை. மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். தைராய்டு கூடினால் பேதி, குறைந்தால் சிக்கல். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே போக வைக்கும். தென்னிந்தியாவில் பெரியவர்களில் நிறையப் பேருக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி, அதில் பாலும் காஃபினும் சேர்ந்து உள்ளே போனால் கால்மணி நேரத்தில் ஓடுவதற்கு நோய் எதுவும் தேவையில்லை. ஒரு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள். தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

எது வந்தால் காத்திருக்கக் கூடாது என்று சொன்னேனே, அது இதுதான். ரத்தம் நிற்காமல் போவது, கட்டி கட்டியாக வருவது, எழுந்தால் தலைசுற்றி நெஞ்சு படபடப்பது. தார் மாதிரிக் கறுத்த மலம். வயிறு கல்போல் உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் எடுப்பது. அதிகக் காய்ச்சலோடு வயிற்றுவலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு, தேவைப்பட்டால் 108. இதைவிட ஒரு படி கீழே சில உண்டு: தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதி, நன்றாகச் சாப்பிட்டும் இறங்குகிற எடை, ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைந்த சோகை, அப்பா அம்மா கூடப்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்றுநோய். இவை இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், தேதியை முன்னால் இழுப்பார். பேதி தூக்கத்தைக் கெடுப்பதும், கவலையில் தூங்காமல் இருக்கும்போது வயிறு கலக்குவதும் வேறு வேறு. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பியதா என்பதுதான் கேள்வி. உங்கள் கேள்வியைப் படித்தால் இரண்டாவது வகைபோல்தான் தெரிகிறது.

மற்ற பரிசோதனைகளின் ரிப்போர்ட் முன்னாலேயே கைக்கு வந்துவிடும். ஹீமோகுளோபின் நன்றாக இருந்தால், பல மாதமாக உள்ளே ரத்தம் கசிகிறது என்ற பயம் பெரும்பாலும் தளரும். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்று ஒன்று எழுதியிருந்தால், அது குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். 50க்குக் கீழே இருந்தால் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கொஞ்சம் கூடியிருந்தாலும் பதற வேண்டாம், மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தாலே அது ஏறும். அந்த மாத்திரைகள் குடலுக்கும் ஆகாது, இந்த மூன்று வாரமும் தள்ளியே வையுங்கள், வலிக்குப் பாரசிட்டமால் போதும். வயிற்று ஸ்கேன் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்திருந்தால் அதை நம்பி கொலோனாஸ்கோபியை விடாதீர்கள், பெருங்குடலின் உள்பக்கம் அதில் சரியாகத் தெரியாது. ஸ்கேனில் கொழுப்பு ஈரல் என்று ஒரு வரி இருந்தால் அதற்காக இன்னொரு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பாதி ஊருக்கு இருக்கிறது. அப்புறம், லேப்காரர்கள் விற்கிற "கேன்சர் பேக்கேஜ்" பக்கமே போகாதீர்கள். அதில் சிஇஏ என்று ஒன்று இருக்கும். நோய் கண்டுபிடித்தபின் சிகிச்சையைக் கண்காணிக்கப் பயன்படுவது அது. சிகரெட் பிடித்தாலே கூடும், ஆரம்ப நிலைக் கேன்சரில் கூடாமலும் இருக்கும். கூடினாலும் குறைந்தாலும் உங்களுக்கு நிம்மதி தராது.

வீட்டு வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெந்தயம், மோர், ஓமத் தண்ணீர் எல்லாம் குடித்துக்கொள்ளலாம். இசப்கோல் உமி ஒரு ஸ்பூன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடித்தால் சிக்கல், பேதி இரண்டுக்குமே கை கொடுக்கும். விளக்கெண்ணெய் குடித்துக் குடலைக் "கழுவும்" வேலை வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் "லூஸ் மோஷன்" என்று சொன்னாலே கிழித்துக் கொடுக்கிற ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையும் வேண்டாம். மலப் பரிசோதனைக்கு முன்னால் அதைச் சாப்பிட்டால் கிருமி இருந்தாலும் சிக்காமல் போய்விடும். பஸ் ஸ்டாண்ட் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில்" போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். படித்தவர்களே அங்கே போகிறார்கள், ஏனென்றால் அங்கே கூச்சப்பட வேண்டியதில்லை. என்ன ஊசி என்று அவர்களுக்கும் தெரியாது, புண்ணாகி எங்களிடம் வந்து சேருகிறவர்களுக்கும் தெரியாது.

கூச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டீர்களா? நிறைய ஆண்கள் பரிசோதனை அன்று காலையில்தான் மனைவியிடம் வாயைத் திறப்பார்கள், அதுவும் கூட ஆள் இல்லாமல் மயக்க ஊசி போட மாட்டோம் என்று நாங்கள் சொன்னதால். ஒருவரிடமாவது சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கூகுளிடம் கேட்பதைவிட அது எவ்வளவோ மேல். கூகுளுக்கு உங்கள் வயது தெரியாது, நீங்கள் நேற்று பீட்ரூட் சாப்பிட்டதும் தெரியாது. தேடியே ஆக வேண்டும் என்றால் பகலில் ஒரு கால்மணி நேரம் ஒதுக்கித் தேடுங்கள், படுக்கையில் வேண்டாம். நெஞ்சு அடைக்கிற மாதிரிப் பதற்றம் வந்து வேலையே ஓடவில்லை என்றால் 14416க்கு போன் போடலாம், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

டாக்டருக்கு உதவியாக ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நோட்டில் நாளுக்கு ஒரே ஒரு வரி: எத்தனை முறை, கெட்டியா தண்ணியா, ரத்தம் உண்டா, வலி உண்டா. எழுதியதும் நோட்டை மூடிவிடுங்கள். நாளுக்கு மூன்று முறை போவதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை போவதுவரை எல்லாமே இயல்பின் எல்லைக்குள்தான். போட்டோ எடுத்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். ரத்தம் வந்தால் ஒன்று எடுங்கள், சரி. தினசரி ஆல்பம் வேண்டாம்.

கொலோனாஸ்கோபியைவிட அதற்கு முந்தின நாள்தான் கஷ்டம், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி முறை மாறும், அவர்கள் கொடுக்கிற தாளில் உள்ளதே கடைசி வார்த்தை. பொதுவாக இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, முருங்கைக்காய், எள், முழுப்பயறு இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். கொய்யா விதை கேமராவின் குழாயை அடைத்துக்கொண்டு எங்கள் உயிரை வாங்கும். வெள்ளைச் சோறு, இட்லி, தெளிந்த ரசம் சாப்பிடலாம். முந்தின நாள் தெளிந்த நீர் மட்டும்: இளநீர், பால் விடாத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ். சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் வேண்டாம், உள்ளே ரத்தம்போல் தெரியும். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்க வேண்டும். பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதி முந்தின சாயங்காலம், பாதி மறுநாள் விடிகாலை என்று குடிக்கச் சொல்வார்கள். உப்பும் இனிப்புமாக ஒரு மாதிரி இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்துக் குடித்தால் இறங்கும். குடிக்க ஆரம்பிக்கும் முன்பே ஆசனவாயில் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ தடவிக்கொள்ளுங்கள், பத்தாவது முறை போகும்போது எனக்கு நன்றி சொல்வீர்கள். கடைசியில் கசடு இல்லாமல் மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். குடல் சுத்தமாகாவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து வரவேண்டியதுதான்.

பரிசோதனை அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லேசான மயக்கத்தில் இருப்பதால் பலருக்கு எதுவும் ஞாபகமே இருப்பதில்லை. குடலில் ஓட்டை விழுமோ என்று எல்லோரும் கேட்பார்கள். வெறுமனே பார்க்கிற பரிசோதனையில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே நடக்கிறது. அன்று வண்டி ஓட்டக் கூடாது. "சதை எடுத்திருக்கிறோம்" என்று சொன்னால் உடனே மனசைத் தளரவிடாதீர்கள். கண்ணுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் பேதி இருக்கிறவர்களுக்கு வழக்கமாகவே ஒன்றிரண்டு இடத்தில் துளி எடுத்து அனுப்புவோம். எடுக்கும்போது வலிப்பதும் இல்லை.

அந்த பயாப்ஸி ரிப்போர்ட் வர இன்னும் ஒரு வாரம்போல ஆகும். அது போனுக்கு நேராக வந்தால் டாக்டரைப் பார்க்கும்வரை திறக்காமல் இருங்கள். "நான்ஸ்பெசிஃபிக் கொலைட்டிஸ்", அதாவது இன்ன நோய் என்று சொல்ல முடியாத குடல் அழற்சி, என்று பல ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். குடித்த பேதி மருந்தினாலேயே ஏற்படுகிற லேசான எரிச்சலுக்குக்கூட அப்படி எழுதுவார்கள், அதைப் படித்துவிட்டு வாழ்நாள் முழுக்கக் குடல் நோயாளி என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் நார்மல் என்று வந்தால் "அப்படியென்றால் எனக்கு ஏன் இப்படி ஆகிறது, இனி என்ன செய்வது" என்று அந்த இடத்திலேயே கேளுங்கள். ஐபிஎஸ் கேமராவில் தெரியாது, ஆனால் அதற்கு உணவு மாற்றமும் மாத்திரையும் மனப் பயிற்சியும் உண்டு. "ஒன்றுமில்லை, போங்க" என்று சொல்லி அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள், தம்பி. அடுத்து எப்போது வர வேண்டும் என்று ஒரு தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.